ஆறு மணி நேரம் இருக்குதுங்க

ஃபேனுங்க தம்பி. சீலிங் ஃபேன். மோட்டார் மட்டுந்தான் இந்தச் சாக்குல இருக்குது, றெக்கை மூணையும் ஊட்லயே கழட்டி வெச்சுட்டு வந்துட்டேன். உங்க கால்ல இடிக்குதுங்களா? சித்தெ இப்படி நகத்திக்கறேன். கீழ வெச்சா, இந்த டிரைவரு பஸ்ஸ ஓட்டற ஓட்டுக்கு உள்ள இருக்கறது என்னமாச்சும் ஆயிப்போகும். அதான் மடியில வெச்சிருக்கறேன். கண்டக்டர் வேற, இதுக்கு அரை டிக்கெட் போடட்டுங்களான்னு கேட்டுட்டுப் போறாரு. போடட்டும்.

நீங்களும் ஈரோட்டுக்குத்தானுங்களே? எத்தனை மணிக்குப் போய்ச் சேருவான்? பதினொன்றரையா? அப்படின்னாச் சரி. ரெண்டு மணி நேரத்துல, கருகிப்போன கம்பியை எடுத்துட்டுப் புதுக் காயில் கட்டிக் குடுத்துட்டா ஒண்ணரை. உடனே திரும்பற வண்டி கெடைச்சா மூணு மணிக்கு ஊடு. மூணு மணிக்குள்ள போயாகோணும். போயிரலாம். நத்தக்காடையூர்ல மட்டும் பத்து நிமிசம் போட்டு உருட்டிட்டான் பாருங்க, அதுதான் கணக்குல இல்லாதது.

காங்கயத்துல கேக்காம இல்லைங்க. ரெண்டு கடை ஏறி எறங்கிட்டேன். ஒருத்தன் சாக்கைப் பிரிச்சுக்கூடப் பாக்கலை. புதுசு ஒண்ணு வாங்கிக்குங்கய்யா, இதுக்குப் போயி எவனாச்சும் காயில் கட்டுவானான்னான். இன்னொருத்தன் வெச்சுட்டுப் போங்க, நாளன்னிக்கு வாங்கன்னான். நாளன்னிக்கு வரைக்கும் தாங்காதுங்க. ஈரோட்டுல மணிக்கூண்டுப் பக்கம் ஒரு பாய் இருக்கறாராம், பக்கத்துல நின்னு கையோட வாங்கிட்டு வந்துரலாமாம்.

புதுசு ஏன் வாங்கலைன்னு நீங்களும் பாக்கறீங்க. இப்ப வர்றதெல்லாம் தகரமுங்க. இது நல்ல செம்புக் கம்பி. அவ்வளவுதான், வேற ஒண்ணுமில்லை.

ஊட்ல எங்க துளசிமணி இப்ப விசிறிட்டிருப்பா. என்ற சம்சாரமுங்க. பழைய காலண்டர் அட்டை ஒண்ணை எடுத்து வெச்சுட்டு விசிறிட்டிருப்பா. யாருக்குன்னு கேப்பீங்க. யாருக்குமில்லை. வெறுங்கட்டிலுக்கு. சிரிக்காதீங்க தம்பி. நான் பைத்தியக்காரி கதை சொல்லலை. அவளுக்குப் புத்தியெல்லாம் தெளிவு, என்னைவிடத் தெளிவு. ஃபேன் ஓடினா விசிற மாட்டா. ஃபேன் நின்னா விசிறுவா. அந்த ரூமுல காத்து நிக்கக் கூடாது அவளுக்கு. பதினொரு மாசமா இதே கூத்து. கரண்ட் போச்சுன்னா, அடுப்புல என்ன இருந்தாலும் அப்படியே போட்டுட்டு ஓடுவா. அதுக்காகவே நான் இன்வெர்ட்டர் மாட்டினேன், அந்த ஒத்த ஃபேனுக்கு. ஹால்ல நான் வேர்த்து ஊத்திட்டு உக்காந்திருப்பேன், உள்ள வெறுங்கட்டிலுக்கு ஜம்முன்னு காத்து.

அவளுக்கு வலது தோள்பட்டை ஆகாதுங்க. கொடியில சீலை போடவே கையத் தூக்க மாட்டா. காலையில எட்டரையில இருந்து விசிறிட்டிருக்கறா. கணக்குப் போட்டுக்குங்க.

நான் எடுத்துச் சொல்லலைன்னு நெனைக்காதீங்க. எங்க சொல்றது? எங்கூடப் பேசறதில்லை. அதுவும் பதினொரு மாசம். சோறு போடுவா. வேட்டி தொவைச்சு மடிச்சு வெப்பா. பிரஷர் மாத்திரையை எடுத்து டம்ளர் மூடி மேல வெப்பா. பேச்சு மட்டும் கெடையாது. இருபத்தெட்டு வருசம் வாய் மூடாமப் பேசினவ. நான் என்ன தப்புப் பண்ணினேன்? அதைச் சொன்னாத்தானுங்களே தெரியும்.

சொல்றனுங்க. ஈரோடு வர வரைக்கும் நேரம் இருக்குதல்ல.

என்ற பேரு சின்னச்சாமி. அப்பன் வெச்ச பேருல சாமி வந்து ஒட்டிக்கிச்சு, மத்தபடி எனக்கும் சாமிக்கும் பழக்கமில்லை. முப்பத்தோரு வருசம் போஸ்ட்மேன். ரிட்டயர் ஆயி ஆறு வருசமாச்சு. காங்கயத்துல போயி போஸ்ட்மேன் சின்னச்சாமின்னு கேட்டா யோசிப்பாங்க. கண்ணு போஸ்ட்மேன்னு கேளுங்க, பஸ் ஸ்டாண்டுல பூ விக்கற அம்மாகூடக் கை காட்டும். எழவு ஊட்டுக்குப் போயி கண்ணு கேக்கறவன் நான். கண் தானமுங்க. சைக்கிள்ல தபால் பையோட சுத்தின காலத்துல இருந்தே பண்ணிட்டிருந்தேன். எந்த ஊட்ல யாரு படுக்கையில கெடக்கறாங்கன்னு போஸ்ட்மேனுக்குத் தெரியாம இருக்காதல்ல.

உசுரு போயி ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்தாகோணும். எடுக்கற வேலை இருபது நிமிசம்தான், மொகத்துல ஒண்ணும் தெரியாது. ஆனா ஆளு வர்ற வரைக்கும் நாம பாத்துக்கோணும். கண்ணை மூடி ஈரப் பஞ்சு வெக்கோணும். தலைக்கு ரெண்டு தலகாணி குடுத்து ஒசத்தோணும். அப்பறம் ஃபேனை நிறுத்தோணும். காத்துப் பட்டா கருவிழி காஞ்சு போகும். இந்த ஃபேன் நிறுத்தற விசயத்துலதான் எனக்கு ஊரு பூராப் பகை. சித்திரை வெயிலு, அம்பது பேரு உள்ள உக்காந்து அழுதுட்டிருப்பாங்க, நான் போயி சுச்சை அமத்துவேன். அம்பது பேரும் திரும்பி என்னைய ஒரு பார்வை பாப்பாங்க பாருங்க! கடைசியில அதுவே ஊருக்குள்ள ஒரு பேச்சாப் போச்சு. சின்னச்சாமி வந்து ஃபேனை நிறுத்திட்டான்னா, ஆளு முடிஞ்சுதுன்னு அர்த்தம். டீக்கடையில கேப்பாங்க, "ஏப்பா, உங்க மாமனாருக்கு எப்படி இருக்குது?" "இன்னும் ஃபேன் ஓடுதுங்க"ம்பான்.

சீக்காளியைப் பாக்க நான் போகவே முடியாது. எங்க பழைய போஸ்ட்மாஸ்டர் ஆஸ்பத்திரியில இருக்கறாருன்னு ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். படுத்திருந்த மனுசன் விருக்குன்னு எந்திரிச்சு உக்காந்துட்டு, "சின்னச்சாமி, நான் நல்லா இருக்கறேன், நீ போயிட்டு வா"ங்கறாரு. இன்னும் நல்லாத்தான் இருக்கறாரு. இப்பவும் என்னையக் கண்டா அக்கட்டத் தெருவுல போறாரு.

நெறையாப் பேசுவாங்க. இந்தப் பொறப்புல கண்ணக் குடுத்தா அடுத்த பொறப்புல குருடாப் பொறப்பாங்கன்னு ஒருத்தரு. சொர்க்கத்துக்கு வழி தெரியாமத் தடுமாறுவாருன்னு இன்னொருத்தரு. வழி தெரியலைன்னா அங்க எவனாச்சும் போஸ்ட்மேன் இருப்பான், கேட்டுக்கட்டும்னுவேன். குடுத்த ஊட்டுக்காரங்க கையெடுத்துக் கும்புடுவாங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியமுங்கன்னு. அதுவும் எனக்குப் புடிக்காது. புண்ணியம் எல்லாம் வேண்டாமுங்க, கண்ணு போதும்னுருவேன். ஒருத்தருக்கு இனி வேண்டாத பொருளு, இன்னொருத்தருக்கு இல்லாத பொருளு. விலாசம் மாத்தி எழுதி அனுப்பிச்சு விடற வேலை. இதுல சாமி எங்க வருது, புண்ணியம் எங்க வருது? எழவு ஊட்ல நான் ஒரு வாய் காப்பி குடிச்சதில்லை. பேப்பர்ல பேரு போடறோம்னு வந்தாங்க, போடாதீங்கன்னுட்டேன்.

ஆனா எனக்கு ஒரு சட்டம் இருந்துச்சுங்க. ஆம்பளைங்க எல்லாம் ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடத் தயாரா நின்னாலும், இருங்கன்னுருவேன். பெத்தவளோ கட்டினவளோ, அந்த ஊட்டுப் பொம்பளை ஒரு வார்த்தை சொல்லாம நான் பஞ்சைத் தொட மாட்டேன், சுச்சைத் தொட மாட்டேன். அந்தம்மா முன்னால போயிக் குத்த வெச்சு உக்காந்துக்குவேன். "அம்மா, ஆறு மணி நேரம் இருக்குதுங்கம்மா. மொதல்ல அழுதுக்குங்க. நான் வெளிய நிக்கறேன்." இவ்வளவுதான் சொல்லுவேன். சொல்லிட்டு வாசல்ல போயி நின்னுக்குவேன். பாதிப் பேரு தானா வெளிய வந்து, வாங்கண்ணாம்பாங்க. கண் வங்கியில இருந்து ஒரு டெக்னீசியன் வருவாரு, பிரான்சிசுன்னு, நல்ல மனுசன். அவரு சொல்லுவாரு, "மத்த ஊர்ல எல்லாம் பேசிப் பேசி வாங்கறாங்கண்ணா, நீங்க வாசல்ல நின்னே வாங்கிர்றீங்க."

அறச்சலூருங்களா இது? இன்னும் அரை மணி இருக்கும் போல. டீக்கு நிறுத்தாம இருந்தாச் சரி.

எங்களுக்கு ஒரே புள்ளைங்க. வெண்மதி. மதின்னு கூப்பிடுவோம். சின்ன வயசுல காய்ச்சல் வந்து இருதயத்துல வால்வு கெட்டுப் போச்சு. ஆப்பரேசன் பண்ணினோம், மறுக்காப் பண்ணினோம். இருபத்திநாலு வயசு வரைக்கும் வந்துட்டா, அதுவே பெருசுன்னாங்க டாக்டருங்க. படுத்துட்டே பேங்க் பரீட்சைக்குப் படிப்பா. வாய் அவங்கம்மாளை மாதிரி. நான் எதுக்காச்சும் ரூமுக்குள்ள போனாப் போதும், "அப்பா, சுச்சுக்கிட்டப் போகாதீங்க, நான் இன்னும் இருக்கறேன்"ம்பா. அவங்கம்மா கையில கெடைச்சதை எடுத்து வீசுவா. சிரிச்சுட்டே வீசுவா.

பதினெட்டு வயசு முடிஞ்ச அன்னிக்கு அவளே கண் தானத்துக்கு எழுதிக் குடுத்தா. நான் சொல்லலைங்க. அதுல சாட்சிக் கையெழுத்து யாருதுன்னு நெனைக்கறீங்க? துளசிமணியுது. இதை எதுக்குச் சொல்றேன்னா, அவளுக்குத் தெரியாம ஒண்ணும் நடக்கலை. இதை நீங்க மனசுல வெச்சுக்கோணும்.

போன வைகாசி. மத்தியானம். சாப்பிட்டுட்டு மதி படுத்திருந்தா. அவளுக்குக் கஞ்சி காச்ச ராகி மாவு தீந்து போச்சுன்னு துளசிமணி டின்னை எடுத்துட்டு மில்லுக்குப் போனா. நாலு ஊடு தள்ளித்தான் மில்லு. நான் கட்டில் பக்கத்துல நாற்காலி போட்டுப் பேப்பர் படிச்சுட்டிருந்தேன். ரெண்டரை இருக்கும். பேப்பர்ல இருந்து தலையத் தூக்கினேன். பாத்ததும் தெரிஞ்சு போச்சு. எத்தனை பேத்தைப் பாத்திருக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா? கையப் புடிச்சுப் பாத்தேன். மூக்குக்கிட்ட வெரல வெச்சுப் பாத்தேன். எந்திரிச்சுப் போயி ஃபேனை நிறுத்தினேன். பஞ்சை நனைச்சு வெச்சேன். தலகாணி ரெண்டு. கண் வங்கிக்குப் போன் பண்ணினேன், தெரு முக்கு டாக்டருக்குப் பண்ணினேன். அஞ்சு நிமிசம்கூட ஆகலைங்க. பிரான்சிசுதான் போனை எடுத்தாரு. "எந்த ஊடுங்கண்ணா?"ன்னாரு. "நம்ம ஊடுதான்"னேன். வண்டி எடுத்துட்டு வாங்கன்னு நான்தான் சொன்னேன்.

டாக்டர் வந்து பாத்துட்டு எழுதிக் குடுத்துட்டுப் போனாரு. பொறகு நான் நாற்காலியில உக்காந்துக்கிட்டேன். மில்லு மிஷின் ஓடற சத்தம் கேட்டுட்டே இருந்துது. அது நின்னா மாவு அரைச்சாச்சு, இவ வந்துருவா. நின்னுது. வந்தா.

இடுப்புல டின்னு. வாசப்படியில நின்னா. கட்டிலைப் பாக்கலைங்க. மொதல்ல மேல பாத்தா. ஃபேனைப் பாத்தா.

டின்னைக் கீழ வெச்சா. சத்தம் வராம வெச்சா. "எப்ப நிறுத்துனீங்க?"ன்னா.

ரெண்டரைக்குன்னேன். செவுத்துக் கடியாரத்தைப் பாத்தா. மூணு அஞ்சு. அவ்வளவுதான். அதுதான் எங்கிட்ட அவ கடைசியாப் பேசினது.

பிரான்சிசு நாலரைக்கு வந்தாரு. கையெழுத்து நான் போட்டேன். நல்ல கண்ணுண்ணா, ரெண்டும் தெளிவா இருக்குதுன்னாரு. ரெண்டு பேத்துக்குப் போச்சு. யாருக்குன்னு சொல்ல மாட்டாங்க, நானும் கேக்கலை. கேக்கக் கூடாது, அதான் முறை. அவரு பெட்டியை மூடினதும் துளசிமணி எந்திரிச்சுப் போயி சுச்சைப் போட்டா. அன்னிக்குப் போட்டதுதான். நான் டின்னை எடுத்து உள்ள வெக்கலாம்னு தூக்கினேன். மாவு இன்னும் வெதுவெதுன்னு இருந்துது.

அழுதனான்னு கேக்கறீங்களா? இல்லைங்க. வரலை. எனக்கு ஒண்ணுமில்லை. சாப்படறேன், படுக்கறேன், எந்திரிக்கறேன். நாக்குல உப்பு ஒறைப்புத்தான் தெரியறதில்லை. டாக்டர்கிட்டச் சொன்னேன், வயசாயிப் போச்சுன்னாரு. அதுவாத்தான் இருக்கும்.

இவ எதுக்குப் பேசறதில்லைன்னு நானும் யோசிக்காத யோசனை இல்லை. கண்ணைக் குடுத்ததுக்குக் கோவமோன்னு நெனைச்சேன். சாட்சிக் கையெழுத்தே போட்டவ, கோவப்பட நாயமில்லை. சரி, பதினாறாம் நாளு காரியம் பண்ணாம விட்டதுக்கோன்னு நெனைச்சேன். ஒரம்பரை சொந்தக்காரங்க எல்லாம் கேட்டாங்க, நான் வேண்டாமுன்னுட்டேன். அவ தங்கச்சிகிட்ட வெசாரிக்கச் சொன்னேன். அந்தப் புள்ளை கேட்டுட்டு வந்து சொல்லுது, "கண்ணுக்கும் இல்லையாம், காரியத்துக்கும் இல்லையாம் மாமா. மாமனுக்கே தெரியும்னு அக்கா சொல்லுது." எனக்கே தெரியுமாம்! தெரிஞ்சா நான் எதுக்கு ஆளு விட்டுக் கேக்கறேன்?

இன்னொண்ணு கேளுங்க. மதி போனதுக்கப்பறம் நான் எழவு ஊட்டுக்குப் போறதில்லை. மனசு கினசெல்லாம் இல்லை, முட்டி வலி. படி ஏறி எறங்க முடியலை. போன் வரும், முட்டி வலிங்க, நேராக் கண் வங்கிக்கே பேசிக்குங்கன்னு நம்பரைக் குடுத்துருவேன். ஒரு நாளு நான் இப்படிப் பேசிட்டிருக்கறேன், துளசிமணி அடுப்படியில இருந்து வந்தா. போனைக் கையில இருந்து வாங்கினா. எந்த ஊடுன்னு கேட்டா. குடையை எடுத்துட்டுப் போயிட்டா. அன்னில இருந்து அவதான் போறா. என்ற வேலையை அவ பாக்கறா, எங்கூடப் பேச மாட்டேங்கறா. இது எந்த ஊரு நாயமுங்க?

பக்கத்துத் தெருவுல ரத்தினாத்தாள்னு ஒரு கெழவி செத்துப் போச்சு. எப்படித்தான் பண்றான்னு பாக்கலாம்னு நானும் போயி எதுத்த புங்க மரத்தடியில நின்னுக்கிட்டேன். கெழவி மக பல்லடத்துல இருந்து வந்து எறங்கற வரைக்கும் இவ ஒண்ணும் பண்ணலைங்க. சும்மா உக்காந்திருக்கறா. மக வந்து உள்ள ஓடுது. இவ பக்கத்துல உக்காந்து அந்தப் புள்ளை கையப் புடிச்சுக்கிட்டா. "ஆறு மணி நேரம் இருக்குதும்மா. மொதல்ல அழுதுக்க. நான் வெளிய நிக்கறேன்." என்ற வார்த்தையை அப்படியே! சொல்லிட்டு வாசல்ல வந்து நின்னா. என்னையப் பாத்தா. பாக்காத மாதிரித் திரும்பிக்கிட்டா. அது வரைக்கும் உள்ள ஃபேன் ஓடிட்டுத்தான் இருக்குது. இவ்வளவு நேரம் ஓட விடக் கூடாதே, கருவிழி காஞ்சு போகுமேன்னு சொல்லலாம்னு ரெண்டு எட்டு வெச்சேன். சரி, எதுக்குன்னு வந்துட்டேன். கண்ணு நல்லாத்தான் இருந்துதாம், பிரான்சிசு சொன்னாரு.

அவ்வளவு வெவரமான பொம்பளைதான். அவதான் வெறுங்கட்டிலுக்கு ஃபேன் ஓட்டறா. இருபத்தெட்டு வருசம் எங்கூட இருந்து இப்படி ஒரு மூடநம்பிக்கை. ஃபேன் ஓடினா என்ன, நின்னா என்ன? போனது போனதுதான். நான் ஊருக்கே சொன்னவன், எங்கூட்ல ஒருத்திக்குச் சொல்ல முடியலை.

பூந்துறை வந்தாச்சு. தண்ணி குடிக்கறீங்களா? இந்தாங்க. எனக்கு வேண்டாம்.

இன்னிக்குக் காலையில எட்டரை. ஹால்ல உக்காந்திருக்கறேன், ஒரு பொசுங்கல் நாத்தம். உள்ள போயிப் பாத்தா, ஃபேன் மெதுவாச் சுத்துது. ஒவ்வொரு றெக்கையும் தனித்தனியாத் தெரியுது. நின்னு போச்சு. இவ அடுப்படியில இருந்து வந்தா. மேல பாத்தா. அப்பறம் என்னையப் பாத்தா. பதினொரு மாசத்துல நேரா இன்னிக்குத்தான் பாத்தா. "நான் நிறுத்தலை"ன்னேன். எதுக்கு அப்படிச் சொன்னேன்னு தெரியலைங்க. சுச்சுக்கிட்டக்கூட நான் போகலை. "நான் நிறுத்தலை துளசி, அதுவா நின்னு போச்சு."

காலண்டர் அட்டையை எடுத்தா, விசிற ஆரம்பிச்சா. நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். ஸ்டூலு ஆடுது. இவ ஒரு கையில விசிறிட்டே இன்னொரு கையில ஸ்டூலைப் புடிச்சுக்கிட்டா. றெக்கை மூணையும் கழட்டி ஒவ்வொண்ணாக் கீழ நீட்டினேன், வாங்கிக் கட்டில் மேல வெச்சா. மோட்டாரைச் சாக்குல போட்டுட்டு வாசலுக்கு வந்தேன். பின்னாலயே வந்தா. "எப்ப வரும்?"ன்னா.

பேசிட்டா தம்பி. பதினொரு மாசம் கழிச்சுப் பேசறா. நான் என்ன சொல்லியிருக்கோணும்? மத்தியானம் வந்துரும், நாளைக்கு வரும், என்னமோ ஒண்ணு. என்ற வாயில தானா வருதுங்க, "ஆறு மணி நேரம் இருக்குதுங்கம்மா." நான் அவளை ஒரு நாளும் அம்மான்னு கூப்பிட்டதில்லை. எழவு ஊட்ல சொல்றது அப்படியே வந்துருச்சு. சொல்லிட்டுப் பழக்க தோசத்துல வாசல்ல போயி நிக்கறேன், சாக்கைத் தூக்கிட்டு. அவ கதவு நெலையில கையக் குடுத்துட்டு நிக்கறா. மொகம் ஒரு மாதிரி ஆயிப்போச்சு. அழுதாளான்னு பாக்கறதுக்குள்ள உள்ள போயிட்டா. அட்டை விசிறற சத்தம் கேட்டுது. நான் கெளம்பிட்டேன். மணி அப்ப ஒம்பது. அதான் சொன்னேன், மூணு மணிக்குள்ள போகோணும்.

எத்தனை ஊட்ல சொல்லியிருக்கறேன் அந்த வார்த்தையை. எங்கூட்ல இன்னிக்குத்தானுங்க சொன்னேன்.

அன்னிக்கும் ஆறு மணி நேரம் இருந்துது. ரெண்டரையில இருந்து எட்டரை. நாலு ஊடு தள்ளித்தான் மில்லு. ஓடியிருந்தா ஒரு நிமிசம். நடந்தா மூணு நிமிசம். மிஷின் சத்தத்துல கூப்பிட்டாக் கேக்காது, தோளைத் தொட்டுத்தான் சொல்லோணும். முப்பத்தோரு வருசம் ஊருக்கெல்லாம் சேதி கொண்டு போனவன், அந்த நாலு ஊட்டைத் தாண்டிப் போகலை. போயிச் சொல்லிக் கூட்டிட்டு வந்திருந்தா, அவ வர்றப்ப ஃபேன் ஓடிட்டிருந்திருக்கும். அவ புள்ளை தலமுடி காத்துல பறந்துட்டிருந்திருக்கும். அதப் பாத்துட்டு அவளே நிறுத்தியிருப்பா. மூணு நிமிசத்துல கருவிழி ஒண்ணும் காஞ்சு போகாதுங்க. காயாது. எனக்குத் தெரியும், காயாது.

பஸ் ஸ்டாண்டு வந்துருச்சு போல. எல்லாரும் எந்திரிக்கறாங்க. நீங்க மொதல்ல எறங்குங்க தம்பி, எறங்கிட்டு இதைச் சித்தெ கைகுடுத்து வாங்கிக்குங்க. பாத்து, கனமா இருக்கும். ரெண்டு கையிலயும் புடிங்க. அப்படித்தான்.

மணி பதினொன்னு நாப்பது. இன்னும் நேரம் இருக்குது. அந்தப் பாயும் சாக்கைப் பிரிச்சுப் பாத்துட்டு, புதுசு வாங்கிக்குங்கன்னுதான் சொல்லுவாரு. சொல்லட்டும். நான் அங்கயே நின்னுக்குவேன், கட்டிக் குடுக்கற வரைக்கும் நகர மாட்டேன். செம்புக் கம்பின்னு உங்ககிட்டச் சொன்னேன் பாருங்க, அது சும்மாங்க. புதுசு எத்தனை வேணும்னாலும் வாங்கலாம். ஆனா நான் நிறுத்தினது இந்த ஃபேனைத்தானுங்க.